விழுமுன்னே கட்டும் சுவர்

தியானப் பகுதி: உபாகமம் 22:8



புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவரும் எழுப்பவேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை. ஒருவன் விழுந்தபின் வருந்துவது போதாது. விழுமுன்னே தடுக்காதவன்மேல் இரத்தப்பழி சுமரும்.

இதை மறந்ததன் விலையை, நமக்குத் தொலைவில்லாத பாலாற்றங்கரை அறியும். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்த பின்னரே, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: தீங்கு முழுவதும் நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்கவேண்டும்; தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது.

தீங்கை முன்னறிவது எப்படி? விலங்குகளின் உடல் எல்லாவற்றிலும் மனித உடலைப்போல் இராது. 2007-ல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்து ஷின்யா யமனாகா குழுவினர், வளர்ந்த மனிதரின் தோல் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றிக் காட்டினர். அவற்றிலிருந்து நரம்பு, ஈரல், இருதய செல்களை வளர்க்கலாம். இருதய செல்கள் கண்ணாடித் தட்டிலேயே துடிக்கும். அதில் ஓர் இரசாயனத்தைச் சிறிதளவு சேர்த்து, துடிப்பு தடுமாறுகிறதா என்று பார்க்கலாம்.

ஸ்டெம் செல் என்றதும், கருவை அழிப்பதல்லவா என்று உங்களில் சிலர் தயங்குவது நியாயமே. தாயின் கருவில் நம்மை உருவாக்கினவர் தேவன். கருவை அழித்து எடுப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் யமனாகாவின் முறைக்குக் கரு தேவையில்லை. மனமுவந்து ஒருவர் கொடுக்கும் தோலோ இரத்தமோ போதும். பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றாகத் தள்ளாதிருங்கள்.

தட்டிலுள்ள செல் முழு மனிதன் அல்ல. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உட்புகும் நஞ்சை அது முற்றிலும் காட்டாது. ஆயினும் நாம் முன்னரே சோதிக்காவிட்டால் சோதனை நின்றுவிடுவதில்லை. கூலிக்கு மருந்து தெளிக்கிறவரின் நுரையீரலிலும், அவர் மனைவி சுமக்கும் சிசுவிலும், சம்மதம் கேளாமலே அது நடக்கிறது.

2023-ல் இந்திய அரசு, புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனித செல் வழிச் சோதனைகளுக்கும் இடமளித்தது. வயலிலும் வாய்க்காலிலும் கலக்கும் இரசாயனங்களுக்கும் இவ்வழி அகலத் திறக்கவேண்டும்.

அதுவரை நம் கையில் ஒன்று உண்டு. கனகம்மாசத்திரத்தைச் சுற்றி நிலம் வைத்திருக்கிற சகோதரரே, பூச்சிமருந்துப் புட்டியில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது கடும் நஞ்சு. தெளிக்க ஆளை அனுப்புமுன் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். அதுவும் கைப்பிடிச்சுவரே.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் ஆதாயத்துக்காக அயலான் விழாதபடி, முன்னே சுவர் கட்டும் மனதைத் தாரும். ஆமென்.