முயலுக்கு எதுக்குங்க சூரியகாந்தி விதை?

புனேவில் எனக்குத் தெரிந்த மூணு தமிழ் வீடுகளில் முயல் இருக்கிறது. காரணம் எல்லா வீட்டிலும் ஒண்ணுதான். வாடகை ஃபிளாட்டில் நாய் வளர்க்க ஓனர் விட மாட்டார், பிள்ளை அழும், முயல் சத்தம் போடாது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. மகள் வைத்த பெயர் பஞ்சு.

கடைக்காரர் கூண்டோடு ஒரு பாக்கெட்டையும் தலையில் கட்டினார். சூரியகாந்தி விதை, உடைத்த சோளம், பட்டாணி, நடுநடுவே கலர் உருண்டைகள். "இது போதும் சார், வேற எதுவும் வேண்டாம்" என்றார். லோன் பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் கஸ்டமர்களைத் தினமும் கடிந்துகொள்கிற நான், லேபிளைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை!

பஞ்சு விதையையும் சோளத்தையும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தைத் தொடாது. நாங்களும் 'பிடிச்சதைச் சாப்பிடட்டுமே' என்று மறுபடி நிரப்புவோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தன் பங்குக்குப் பொட்டுக்கடலை. எதிர் வீட்டு ஆன்ட்டி பிஸ்கட். எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வலியாம். டாக்டர்தான் சொன்னார். அரை நாள் தின்னாமல் கிடந்தாலே முயலுக்கு அவசர கேஸ்தானாம். மூணு நாள் ஊசி, டியூபில் கஞ்சி. பிழைத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். முயலுக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு. அதிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அங்கே மாவும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்தால் வேண்டாத கிருமி பெருகி, வாயு கட்டி, குடல் நின்றுவிடும். வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. பல்லோ ஆயுசு முழுக்க வளர்வது. மணிக்கணக்கில் புல்லை அரைத்தால்தான் தேயும். விதை ரெண்டு கடியில் முடிந்துவிடும். சூரியகாந்திப் பருப்பின் எடையில் பாதி கொழுப்பு வேறு.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 முயல்களை 17 மாதம் வைத்துப் பார்த்தார்கள். விதைக் கலவை தின்றவை பொறுக்கித்தான் தின்றன, காய்ந்த புல்லைக் குறைவாகத் தின்றன, பல்லிலும் கோளாறு வந்தது. எங்கள் வீட்டுக் கதையேதான். இதெல்லாம் தெரிந்த பிறகும் கடைகளில் அந்தப் பாக்கெட்தான் முன் வரிசையில் நிற்கிறது, புல் கட்டு கேட்டால் "ஆர்டர் போடணும் சார்". வியாபாரம்!

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். "வாயில்லா ஜீவன் கையைப் பார்த்து நிக்குது, நாலு கடலை போட்டா கெட்டுப்போயிடுமாடா?" என்று கேட்டாள். நாலு கடலை நமக்கு. ஒன்றரைக் கிலோ உடம்புக்கு அது ஒரு கை. அதுவும் வீட்டில் நாலு பேர், ஆளுக்கு நாலு. போடுவது நம் சந்தோஷத்துக்கு, நோவு அதுக்கு. ரெண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

காரட்? அதுவும் இனிப்புதாங்க. கார்ட்டூன் பார்த்துக் கெட்டோம். ஆசைக்கு வாரம் ஒரு தடவை விரல் நகம் அளவுத் துண்டு, ஆப்பிள் என்றாலும் அவ்வளவே, அதுவும் விதை எடுத்துவிட்டு. மற்றபடி காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கணும். வைக்கோல் அதற்கு ஈடாகாது, அதில் சத்து கம்மி. கொத்தமல்லித் தழை கொஞ்சம் போடலாம். பழக்கத்தை ஒரே நாளில் மாற்றாமல் ரெண்டு மூணு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள்.

அருகம்புல் இங்கே பஞ்சமில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் தூர்வா என்று கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வாங்கி வந்து நன்றாக அலசிப் போடுகிறேன். தினமும் மூணு கட்டு வாங்குவதால் அந்தப் பாட்டி என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் உண்மையைச் சொல்லவில்லை :-)