இருப்பு இல்லாதவனுக்குத் தண்டமா?

திருநின்றவூர் என்ற பெயருக்குத் தலபுராணம் ஒரு விளக்கம் சொல்கிறது. திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற ஊராம்! இன்று அதே ஊர் ஸ்டேஷனில், பொழுது விடியுமுன் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ரயில் ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளியின் பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். திருமகள் அங்கே ஒரு வாரம்கூட நிற்பதில்லை. ஏழாம் தேதி வருகிறாள். பத்தாம் தேதிக்குள் வாடகை, மளிகை, பள்ளிக்கூடச் செலவு, கடன் தவணை என்று வந்த வழியே போய்விடுகிறாள். ஏன் நிற்கவில்லை என்று பாங்கு அவளைக் கேட்பதில்லை. தொழிலாளியைக் கேட்கிறது! கேட்பதோடு நிற்காமல் தண்டமும் போடுகிறது!

‘மினிமம் பாலன்ஸ்’ என்பது இதன் பெயர். குறைந்தபட்ச இருப்பு வைக்காத குற்றத்துக்கு அபராதம். கந்துவட்டிக்காரன்கூட தன்னிடம் கடன் வாங்கியவனைத்தான் கசக்குகிறான். தன்னிடம் பணம் போட்டவனையே, போட்டது போதாது என்று தண்டிக்கிற வித்தையை அவன் அறியமாட்டான். அது பாங்கு முதலாளிகளின் கண்டுபிடிப்பு.

இந்த வலையில் ஆலைத் தொழிலாளி எப்படி விழுகிறான்? காக்களூரிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தக்காரர் ஒரு பாங்கில் சம்பளக் கணக்கு திறக்கச் சொல்கிறார். அதற்கு இருப்பு வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் மாறினால் வேறு பாங்கு, வேறு கணக்கு. பழைய கணக்கை மூட வேண்டுமென்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. சில மாதம் சம்பளம் வராமலிருந்தால் அது தானாகவே சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடுகிறது. அன்றிலிருந்து தண்டம் ஓடத் தொடங்குகிறது! இருக்கிற சில்லறையும் கரைகிறது. இரண்டு வருஷம் கழித்துப் போனால், “உங்கள் கணக்கு மைனஸில் இருக்கிறது, கட்டிவிட்டுப் பேசுங்கள்” என்கிறார்கள். அவன் பாங்கில் கடன் கேட்டானா? இல்லை. ஓவர்டிராப்ட் கேட்டு மனுப் போட்டானா? அதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் கடனாளியாகிவிட்டான்!

இது அநியாயம் மட்டுமல்ல. அவர்களுடைய விதிப்படியே இது தவறு. 2014 நவம்பரில் ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது அமல். இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் கட்டணம் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கட்டணம் ஒன்றினாலேயே எந்தச் சேமிப்புக் கணக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு வருஷம் புழங்காமல் கிடக்கும் கணக்குக்கு இந்த அபராதமே கூடாதென்றும் அதே ஆண்டு மே மாதத்தில் உத்தரவு வந்தது. ‘மைனஸ் கட்டு’ என்று கேட்கும் அதிகாரியிடம் இந்தச் சுற்றறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். குரல் தானாகத் தணியும்.

இந்தத் தண்டத்தின் அளவுதான் என்ன? 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்கு இதை மறுபடி கொண்டுவந்தது. நவம்பருக்குள், எட்டே மாதத்தில், 1,771 கோடி ரூபாய் வசூல்! அந்த ஆண்டு ஜூலை-செப்டம்பர் மூன்று மாதத்தில் அந்த பாங்கு காட்டிய லாபம் 1,581 கோடி. நாட்டின் மிகப் பெரிய பாங்கு தன் காலாண்டு லாபத்தைவிட அதிகமாக ஏழையின் வெறும் பையிலிருந்து எடுத்திருக்கிறது! 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருஷத்தில் பொதுத்துறை பாங்குகள் எல்லாம் சேர்ந்து வசூலித்தது 8,495 கோடி. இது நிதி மந்திரிசபை 2024 ஜூலையில் மக்கள் சபையில் தானே ஒப்புக்கொண்ட கணக்கு. தனியார் பாங்குகள் அடித்தது இதில் சேரவில்லை.

ஏன் இந்த வசூல் என்று கேட்டதற்கு ஸ்டேட் பாங்கின் அன்றைய தலைவி அருந்ததி பட்டாச்சாரியா சொன்ன சமாதானம் என்ன? கோடிக்கணக்கான ஜன்தன் கணக்குகளை நடத்தும் சுமையாம்! அதாவது பரம ஏழைக்குக் கணக்கு கொடுத்த செலவை அடுத்த படியில் நிற்கும் ஏழை தாங்க வேண்டும். பரம ஏழையையாவது விட்டார்களா? அதுவும் இல்லை. இருப்பே வேண்டியிராத அடிப்படைக் கணக்கில் மாதம் நாலு தடவைக்கு மேல் பணம் எடுத்தால், ஒவ்வொரு தடவைக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்தார்கள். செல்போனில் செலுத்தினாலும் பிடித்தார்கள். பதினைந்து ரூபாய் பாங்குக்கு, 2 ரூபாய் 70 காசு சர்க்காருக்கு வரியாக! சுமார் 12 கோடிக் கணக்குகளிலிருந்து 2015-20க்குள் 300 கோடிக்கு மேல் போயிற்றென்று பம்பாய் ஐ.ஐ.டி. ஆய்வு எடுத்துக் காட்டியது. 2020 ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, அந்த வருஷம் ஜனவரி 1க்குப் பிறகு பிடித்ததை மட்டும்.

பெரிய புள்ளிகளிடம் இந்தக் கண்டிப்பு உண்டா? 2014-15 முதல் ஒன்பது வருஷத்தில் பாங்குகள் வராக்கடனாகத் தள்ளி எழுதியது 14 லட்சத்து 56 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி பெருந்தொழில் நிறுவனங்களின் கடன். “தள்ளி எழுதுவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்” என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். வசூலானது 2 லட்சத்துச் சொச்சம் கோடிதான்! மீதி? அவர்களுக்கு நோட்டீசும் பேச்சு வார்த்தையும் பல வருஷம் நடக்கும். நம் தொழிலாளியின் கணக்கிலோ கம்ப்யூட்டரே கழித்துக்கொள்கிறது.

எதிர்ப்பு வலுத்த பிறகு ஸ்டேட் பாங்கு 2020 மார்ச்சில் இந்தத் தண்டத்தைக் கைவிட்டது. கனரா பாங்கு 2025 ஜூனிலும், பஞ்சாப் நேஷனல், பரோடா, நம் சென்னையில் பிறந்த இந்தியன் பாங்கு ஆகியவை ஜூலையிலும் கைவிட்டன. எந்தப் பாங்காவது இதனால் மூழ்கியதா? இல்லை! அப்படியானால் ‘நிர்வாகச் செலவு’ என்று இத்தனை நாள் சொன்னது முழுப் பொய்.

பொதுத்துறை பின்வாங்கிய அதே வேளையில் தனியார் பாங்கு பாய்ந்தது. 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கு, நகரங்களில் புதுக் கணக்குக்கு மாதச் சராசரி இருப்பு 50,000 ரூபாய் என்று அறிவித்தது. திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல் மனத்திலேயே கட்டி முடித்தார் என்பது பெரிய புராணக் கதை. நாமும் ஐம்பதினாயிரத்தை மனத்திலேதான் வைத்திருக்க வேண்டும்! நாடெங்கும் கூச்சல் எழவே சில நாட்களில் 15,000 ஆகக் குறைத்தார்கள். இடையில் ரிசர்வ் பாங்கு கவர்னர் திருவாய் மலர்ந்தது என்ன? இருப்பு எவ்வளவு என்பது அந்தந்தப் பாங்கின் இஷ்டம், ஒழுங்குமுறை எல்லைக்குள் வராது என்று! ஓநாயின் இஷ்டத்துக்கு ஆட்டை விடுகிற மேய்ப்பன் இவர்.

ஒன்று சொல்ல வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா நம் எதிரி அல்ல. அவரும் ஆள் பற்றாக்குறையில் அல்லாடுகிறவர்தான். கடன் ஏய்ப்பவர்களின் பட்டியலை வெளியிட்டு அம்பலப்படுத்தியதே அகில இந்திய பாங்கு ஊழியர் சங்கம்தான். அவர்களோடு சேர்ந்துதான் இந்தப் போராட்டம்.

நம் கோரிக்கை இதுதான். தனியார் பாங்கு உட்பட எல்லாச் சேமிப்புக் கணக்கிலும் இந்த அபராதத்தைச் சட்டம் போட்டு ஒழி! ‘மைனஸ்’ காட்டும் கணக்குகளை உடனே பூஜ்யமாக்கு! விதியை மீறிப் பிடித்ததை வட்டியோடு திருப்பிக் கொடு!

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆலை வாயிலில், ரயிலில், தெருவில், யார் யார் கணக்கில் பிடித்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கணக்கு விவரத்தை எடுத்து, பிடித்த தேதியையும் தொகையையும் குறித்து, முன்னறிவிப்பு வந்ததா என்று கேட்டு எழுத்து மூலம் கிளையில் புகார் கொடுங்கள். தனித்தனியே வேண்டாம், பத்துப் பேராகப் போங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நியாயமில்லாவிட்டாலும் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்கு ஒரு காசும் கட்டணமில்லை. புகாரின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்க மறக்காதீர்கள். முப்பது நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.