உயிலைத் தேடினால் பங்கு கேட்பதா?



“பழைய உயிலைத் தோண்டுறீங்களே, பங்கு கேட்கவா?” என்கிறார்கள். எனக்குப் பங்கு வேண்டாம். அத்தைப்பாட்டிகளின் பெயர் வேண்டும். வம்சாவளியில் பெண்களை எழுதாமல் விட்டோம். மகளுக்கு ஒரு சங்கிலி எழுதியிருந்தால்கூட உயிலில் அவள் பெயர் நிற்கும்.

“வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், உயிலே இல்லை” என்பதும் சரியல்ல. வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துத் தருவது. உயில் பதிவாவது 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்தபின், விண்ணப்பிக்கும் எவருக்கும் அதன் நகலைத் தரச் சொல்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு. சட்டமே கேட்காத காரணத்தை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

உயிலைப் பதிவுசெய்வது கட்டாயமில்லை. ஆகவே டிரங்குப் பெட்டியில் கிடப்பதைக் கிழிக்காதீர்கள். தாம்பரத்து வயல்கள் மனைகளாகிவிட்டன. யார் உழுத மண் என்று சொல்ல அந்தத் தாளாவது மிஞ்சட்டும்.