முதல் தலைமுறை யார்?

பட்டதாரியே இல்லாத குடும்பத்திலிருந்து தொழிற்கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றுக்கொள்வதென்று தமிழ்நாட்டில் 2010-ம் வருஷத்தில் ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது. ஜாதி கேட்பதில்லை, வருமான வரம்பும் இல்லை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏரும் மண்வெட்டியுமே கதியென்று வைக்கப்பட்டிருந்த வீடுகளிலிருந்து இன்று என்ஜினீயர்கள் வருகிறார்களென்றால் அதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. அதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், 'முதல் தலைமுறை' என்பதற்குச் சர்க்கார் கொண்டிருக்கும் அர்த்தந்தான் நியாயமாயில்லை. தாய் தகப்பனும், இருபக்கத்துப் பாட்டன் பாட்டிகளும் பட்டதாரிகளாய் இருக்கக்கூடாதென்பதோடு, கூடப்பிறந்தவர் ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலும் சான்றிதழ் கிடையாதாம். பாட்டன் ஒரு தலைமுறை, தகப்பன் ஒரு தலைமுறை, பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறை. அண்ணன் ஒரு தலைமுறை, தங்கை அடுத்த தலைமுறை என்று எந்த ஊரில் சொல்லுகிறார்கள்?

காரியத்தில் பாருங்கள். ஒரு கூலிக்காரர் வீட்டில் மூத்தவன் பி.ஏ. படித்துவிட்டு வேலைக்கு அலைகிறான். இளையவள் என்ஜினீயரிங் சேர வருகிறாள். அதே குடிசை, அதே கூலி, விண்ணப்பத்தை வாசிக்கத் தெரியாத அதே தாய் தகப்பன். அண்ணன் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து ஏறிவிட்டதால் அவள் 'படித்த குடும்பத்து'ப் பெண்ணாகிவிட்டாளாம்! கையில் பணமில்லையென்றால் நம் வீடுகளில் யார் படிப்பு முதலில் நிற்குமென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பட்டம் வாங்காத லட்சாதிபதியின் மகனுக்கோ சலுகை தாராளமாய்க் கிடைக்கும்.

அமெரிக்காவில் உயர்கல்விச் சட்டத்திற்கு 1980-ல் செய்த திருத்தத்தில், தாய் தகப்பன் இருவருமே பட்டம் பெறாதிருந்தால் அந்தப் பிள்ளை முதல் தலைமுறை என்று எழுதினார்கள். ஒருவரிடமே வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒருவரைப் பார்த்தால் போதும். அண்ணன் தம்பியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

“சர்க்காரிடம் பணம் போதாது, ஆகையால் வீட்டுக்கு ஒருவர்” என்று சமாதானம் சொல்லப்படலாம். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் லட்சாதிபதியிடம் பிடிக்கட்டும். இட ஒதுக்கீடு வேறு, கட்டணச் சலுகை வேறு என்பதைத் தோழர்கள் மறக்கக்கூடாது. ஒதுக்கீடென்பது ஜாதியால் பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுப்பது. அதில் வருமானத்தைப் புகுத்துவது சூழ்ச்சியாகும். கட்டணமோ பணத்தைப் பற்றிய விஷயம்; அதில் பணத்தைப் பார்ப்பதில் குற்றமில்லை.

ஆகவே, சர்க்கார் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே. சான்றிதழ் நிபந்தனையிலிருந்து கூடப்பிறந்தவரை எடுத்துவிட வேண்டும். படிக்கக்கூடாதென்று நம்மைத் தள்ளி வைத்த காலத்தில் வீட்டுக்கு ஒருவரைப் பார்த்தா தள்ளி வைத்தார்கள்? வீட்டோடுதானே தள்ளி வைத்தார்கள்!