மீன் செத்தா சாயத்தண்ணியா? போங்க சாமி!

பக்கத்து வீட்டுல மறுபடியும் மீன் செத்துப்போச்சு. இது மூணாவது தடவை. நாலு தங்கமீன், ரெண்டு ஏஞ்சல். அந்த வீட்டுப் பாப்பா ரெண்டாங்கிளாஸ் படிக்குது. அழுதுக்கிட்டே வேப்பமரத்தடியில குழி தோண்டிப் பொதைச்சுது. அவங்கப்பா காம்பவுண்டு சுவர் மேல கையை வச்சுக்கிட்டு சாவகாசமா சொல்றார், "என்னங் பண்றது? திருப்பூர்த் தண்ணியில மீன் பொழைக்குமுங்களா? எல்லாஞ் சாயத்தண்ணி!"

வந்துச்சே எனக்குக் கோவம்.

மீன் வளர்க்குற உள்ளூர் பதிவர்கள்ல பாதிப்பேர் இதே பல்லவியைத்தான் பாடுறீங்க. அதனால பொதுவுலயே கேட்டுடறேன். நீங்க தொட்டியில ஊத்துறது எந்தத் தண்ணி? உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? நல்ல தண்ணின்னா அது நொய்யல்ல இருந்து வரலை சாமி. ரெண்டாவது குடிநீர்த் திட்டம் மேட்டுப்பாளையத்துல பவானி ஆத்துல எடுக்குறது. மூணாவது காவிரித் தண்ணி. நாலாவது மறுபடியும் பவானி. சாயத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுல இருக்கறது குளோரின். நாம வாந்திபேதி வராம இருக்கறதுக்காகப் போடுறது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 என்ன சொல்லுது? குழாய் முனையில லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். 1 மில்லிகிராம் வரைக்கும் போகலாம். மீனுக்கு? அமெரிக்க சுற்றுச்சூழல் துறை நன்னீர் உயிர்களுக்கு வச்சிருக்கற குறுகிய நேர வரம்பே 0.019 மில்லிகிராம்தான். அதாவது நமக்குக் குறைஞ்சபட்சமா இருந்தே ஆகணும்னு சொல்ற அளவு, மீனுக்கான வரம்பைப் போல பத்து மடங்கு. செவுளோட மெல்லிசான தோலை அது அரிச்சுடும். தண்ணியில ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு முட்டி மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். "காத்து வாங்குது பாருங்க"ன்னு நாம ரசிச்சுட்டிருப்போம்.

இதுக்கு மருந்து என்னன்னு திருப்பூர்க்காரனுக்குப் பாடம் எடுக்கணுமா? ஹைப்போகுளோரைட் போட்டு துணியை வெளுத்த பிறகு, துணியில தங்குன குளோரினை முறிக்க என்ன போடுவாங்கன்னு பிளீச்சிங் பட்டறையில வேலை பார்த்தவங்களைக் கேளுங்க. ஆன்டிகுளோர்னு சொல்வாங்க. அந்த வகைச் சரக்குல ஒண்ணுதான் சோடியம் தயோசல்பேட், சுருக்கமா ஹைப்போ. ஃபிலிம் காலத்துல போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில இருந்ததும் இதேதான். மீன் கடையில சின்ன பாட்டில்ல 'ஆன்டி குளோரின்'னு விக்கறதும் பெரும்பாலும் இதைக் கரைச்ச தண்ணிதான். கெமிக்கல் கடை நிறைஞ்ச ஊருல உக்காந்துக்கிட்டு அதைச் சொட்டுக் கணக்குல வாங்குறோம். அதையும் பாதிப்பேர் வாங்குறதில்லை.

கணக்கு ரொம்ப சுலபம். சுத்தமான ஹைப்போ கல்லு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு வச்சுக்கங்க. 100 லிட்டர் குழாய்த் தண்ணிக்கு 10 மில்லி. அதுல 1 கிராம் ஹைப்போ இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் முறிக்கப் போதும். தண்ணியைத் தனி வாளியில பிடிச்சு, ஹைப்போவை ஊத்திக் கலக்கிட்டு அப்புறமா தொட்டிக்குள்ள விடுங்க. பட்டறையில மிஞ்சின சரக்கைத் தூக்கிட்டு வராதீங்க, அதுல வேற என்ன கலந்திருக்கோ யார் கண்டா.

"ஒரு நாள் வாளியில வச்சா குளோரின் பறந்துடுமே"ம்பீங்க. பறக்கும்தான். அகலமான வாய் இருந்தா, காத்து பட்டா, ஏர் பம்ப் ஓடுனா பறக்கும். மூடி போட்ட கேன்ல வச்சுட்டு அதை நம்பாதீங்க.

ஆனா பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துல குளோரின் பாதிக் கொலைகாரன்தான். மீதிப் பாதி அவரோட சுத்தம்! ஞாயித்துக்கிழமையானா நாம எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற மாதிரி தொட்டிக்கும் குளியல். மீனை வாளிக்கு மாத்தி, தண்ணி மொத்தத்தையும் கொட்டி, கூழாங்கல்லைத் தேய்தேய்னு தேய்ச்சு, ஃபில்டர் பஞ்சைக் குழாய்க்கு அடியில வச்சுப் புழிஞ்சு... அந்தப் பஞ்சுலயும் கல்லுலயும்தான் மீனோட கழிவைத் தின்னு தொட்டியைக் காப்பாத்துற பாக்டீரியா குடியிருக்கு. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குற கூட்டம். புதுத் தொட்டியில அது குடியேறவே நாலஞ்சு வாரம் ஆகும். இவர் அதை வாராவாரம் குளோரின் தண்ணி விட்டுக் காலி பண்றார். புதன்கிழமைக்குள்ள அம்மோனியா ஏறிடும். மீன் சாகும். உடனே சாயத்தண்ணி!

வாரத்துக்குக் கால்வாசித் தண்ணியை மாத்துங்க. பஞ்சைத் தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே அலசுங்க. அவ்வளவுதான் வேலை. மிச்ச ஞாயித்துக்கிழமையைத் தூங்கிக் கழிங்க.

இதெல்லாம் எனக்கு மட்டும் பிறவியிலயே தெரியுமான்னு கேட்டா, இல்லை. நானும் ஒரே ராத்திரியில பதினொரு கப்பியைக் கொன்னவன்தான். அன்னிக்கு நானும் ஊர்த் தண்ணியைத்தான் திட்டினேன்.

நல்ல தண்ணி வராத நாள்ல உப்புத் தண்ணியைத் திறந்து விடுறது இன்னொரு கூத்து. இதுக்கு எந்தச் சொட்டு மருந்தும் கிடையாது. ஹைப்போ குளோரினைத்தான் முறிக்கும், உப்பை ஒண்ணும் பண்ணாது. கொதிக்க வச்சா தண்ணி சுண்டி உப்பு இன்னும் கூடும். 200 டி.டி.எஸ். தண்ணியில பழகுன மீனைத் திடீர்னு 2000-த்துல தள்ளுனா உடம்பு தாங்காது. அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் தாங்கறாப்புல ஒரு டிரம் நல்ல தண்ணியை மீனுக்குன்னே ஒதுக்கி வைங்க. உப்புத் தண்ணி ஓரளவு ரகம்னா மோலி வளங்க, அது உப்பைத் தாங்கும்.

இப்ப கோவத்தோட அசல் காரணத்துக்கு வர்றேன். இந்த ஊர்ல சாயத்தண்ணி பொய்யில்லை. 1992-ல ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தாங்க. பாசனத்துக்குன்னு கட்டுன அணை சாயக்கழிவு தேங்குற குட்டையா மாறுச்சு. விவசாயிங்க வருஷக்கணக்கா கோர்ட் படி ஏறுனாங்க. 2006-ல சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுன்னு கெடு வச்சுது. நடக்கலை. 2011 ஜனவரியில சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டுது. ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. கிணறு கெட்டு, தென்னை காய்ஞ்சு, மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியாம நின்னவங்க கொடுத்த புகார் அது. கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுக் காட்டி ஜெயிச்ச புகார்.

அந்த வார்த்தையைத் தூக்கி, வாளித் தண்ணியில ஒரு மூடி ஹைப்போ ஊத்தச் சோம்பல்பட்டவரு யூஸ் பண்றார் பாருங்க, அதுதான் தாங்கலை. எதுக்கெடுத்தாலும் சாயத்தண்ணின்னா, நாளைக்கு நெசமாவே ஒருத்தர் கிணத்துல கலர் வந்துச்சுன்னு சொன்னா, "இவனுங்களுக்கு வேற வேலை இல்லை"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

சாயங்காலம் ஒரு பாட்டில் ஹைப்போத் தண்ணி கலக்கி, எழுதி ஒட்டி, சுவருக்கு மேல நீட்டினேன். "இதென்னங், உங்க கம்பெனிச் சரக்குங்களா?"ன்னார். பாப்பாதான் எட்டி வாங்கிக்கிச்சு. இந்தத் தடவை புது மீன் வாங்க ஒரு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கேன். தொட்டியில இப்ப ஒத்தை மோலி மட்டும் ஓடிட்டிருக்கு.

டிஸ்கி: நான் எந்தப் பட்டறைக்கும் முதலாளி இல்லீங்க. ஹைப்போ கமிஷனும் கிடையாது.