இடுப்பில் எதைச் சொருகுவது?

சிவகிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து ஒரு தம்பி கேட்டான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன். "அண்ணே, சட்டைக்குள்ள வெளிய தெரியாம வச்சிக்கிற மாதிரி சின்னத் துப்பாக்கி எது நல்லது? ரிவால்வரா, பிஸ்டலா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. செல்போனில் படம் படமாகப் பார்த்து வைத்திருந்தான். எத்தனை குண்டு, எத்தனை கிராம், உள்ளங்கைக்குள் அடங்குமா, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. அவனுடைய அண்ணன் அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறான். "நின்னா வெட்டுவோம்னு சொல்லிவிட்டிருக்கானுவ அண்ணே. ஸ்டேஷன்ல போயி சொன்னா, 'பேசாம வாபஸ் வாங்கிருல'ன்னு சொல்லுதாங்க."

தோழர்களே, இந்த இடத்தில் 'வன்முறை தீர்வல்ல தம்பி' என்று ஆரம்பித்திருக்கலாம். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் ஒருவர்கூட அரிவாள் வெட்டு வாங்கியவர்கள் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். காந்தியம் பேசி நம் ஆட்களின் கையைக் கட்டுகிற வேலை இந்த இதழுக்கு எதற்கு? அவன் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமாகவே பதில் சொல்லிப் பார்ப்போம்.

முதலில் எது கிடைக்கும்? 9 எம்.எம்., .38 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். போலீசுக்கும் பட்டாளத்துக்கும்தான். சாதாரணக் குடிமகனுக்குப் பெரும்பாலும் .32தான் கைத்துப்பாக்கி. வெளிநாட்டுச் சரக்கை தனியாள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. ஆக, பல காலம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்வதுதான் கதியாக இருந்தது. இஷாப்பூரில் 'அஷனி' என்று ஒரு பிஸ்டல் செய்கிறார்கள். 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. தில்லிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று செய்தது. அரைக் கிலோ எடை. விலை 1,22,360 ரூபாய். 2014-15இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 167 ரூபாய். கணக்குப் போடுங்கள். 733 நாள் கூலி. அப்போது வருஷத்துக்கு நூறு நாள்தான் வேலை என்பதால், ஒரு பருக்கை தின்னாமல் ஏழு வருஷத்துக்கு மேல் மண் சுமந்தால் நம் வீட்டுப் பெண் பயமில்லாமல் நடக்கலாம்! பெயர் மட்டும் அச்சமற்றவள்.

மறைத்துக் கொண்டு போகலாமா? போகலாம். சொல்லப்போனால் அப்படித்தான் போக வேண்டும். 2016 ஆயுத விதிகளின் 32ஆம் விதி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு முழுக்க மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறது. கல்யாண வீட்டில் தூக்கிக் காட்டுவதெல்லாம் குற்றம்.

சரி, லைசென்ஸ்? பணமில்லாதவனுக்குத் தரமாட்டார்கள் என்றுதான் நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபீஸில் இருப்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் நாம் எப்போதும் மனுஷர்கள்தான். நடைமுறையில் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும், பயிற்சிச் சான்று வேண்டும், பூட்டி வைக்க இடம் வேண்டும். ஓலைக் குடிசையில் எந்த பீரோவில் பூட்டுவது? பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி கேட்கலாம்; மலையடிவாரத்தில் பன்றி இறங்குகிறது, கொடுப்பார்கள். ஆனால் பயிர் யாருடையது? நிலம் யாருடையது? ராத்திரி முழுக்கக் காவல் கிடப்பவன் நம் ஆள். துப்பாக்கி மட்டும் நிலத்துக்காரர் பேரில்.

உங்கள் ஊரில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நில்லுங்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க ஒவ்வொருவராக வருவார்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள். சங்கரன்கோவிலும் தனித் தொகுதி, சிவகிரி அடங்கிய வாசுதேவநல்லூரும் தனித் தொகுதி. எம்.எல்.ஏ. நாற்காலியில் இடஒதுக்கீடு உண்டு.

இது நேற்று வந்த ஏற்பாடல்ல. பாளையக்காரர்களை ஒடுக்கியதும் 1801 டிசம்பரில் கம்பெனி கவர்னர் எட்வர்டு கிளைவ் இந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டான். 1878இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியனுக்கு விலக்கு, பட்டம் வாங்கிய பெரிய மனுஷனுக்கு விலக்கு. வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே மனு அந்த வேலையைச் செய்து முடித்திருந்தான். இந்தியாவில் ஏன் ஒரு சமூகப் புரட்சி நடக்கவில்லை என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் கேட்கிறார். கீழே வைக்கப்பட்டவனுக்கு ஆயுதமும் இல்லை, கல்வியும் இல்லை, எப்படி எழுவான் என்பதே அவர் விடை. இத்தனைக்கும் நம் கை துப்பாக்கி அறியாத கை அல்ல. கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் இருந்தார்கள், பம்பாய்ப் பட்டாளத்தில் மகர்கள் இருந்தார்கள். தேவைப்பட்டபோது கொடுத்தான், தேவை தீர்ந்ததும் 'போர் மரபு இல்லாத சாதி' என்று வெளியே தள்ளினான். நெற்கட்டும்செவலில் பூலித்தேவனின் படையை நடத்திய ஒண்டிவீரனுக்கு 2022இல் தபால்தலை போட்டார்கள். படத்தில் வாள் இருக்கலாம். ஆனால் அவர் நினைவு நாளுக்குப் போகிறவன் கையில் கம்புகூட இருக்கக் கூடாது, 144. (சட்ட எண் இப்போது 163 ஆகிவிட்டது. ஊர் வாயில் இன்னும் 144தான்.)

இந்தச் சீமையிலேயே பேர் வாங்கிய கைத்துப்பாக்கி எது? 1911 ஜூன் 17, மணியாச்சி ரயிலடியில் வாஞ்சிநாதன் கையில் இருந்த பெல்ஜியம் பிரவுனிங். இதே மலையடிவாரத்துச் செங்கோட்டைக்காரர். மறைத்து எடுத்துப்போய்க் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் பையில் இருந்த கடிதத்தில், மாடு தின்னும் 'பஞ்சமன்' ஒருவன் முடிசூட்டிக்கொள்வதா என்ற ஆத்திரம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் என்பதற்கு அவருக்கு வாய்த்த சொல்லைப் பாருங்கள். நம்மைக் குறிக்கவும் அதே சொல்தான். ரயிலடிக்கு இன்று வாஞ்சி மணியாச்சி என்று பெயர். ஒரு சேரிப் பையன் அதே சின்னத் துப்பாக்கியோடு பிடிபட்டிருந்தால் அவன் பெயரை எதற்கு வைத்திருப்பார்கள்? குண்டர் சட்டக் கோப்புக்கு வைத்திருப்பார்கள்.

அதனால்தான் தம்பியிடம் ஒரு விஷயத்தை முகத்துக்கு நேராகச் சொன்னேன். எவனோ வடக்கேயிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவந்து விற்கும் கட்டாத் துப்பாக்கிப் பக்கம் போகாதே. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை போகும். அண்ணன் வேட்புமனு போடுவதற்கு முந்தின நாள் உன் வீட்டைச் சோதனை போட்டால் போதும். அவன் வெட்டவே வேண்டாம்.

லைசென்ஸோடு வைத்திருந்தால் மட்டும்? அமெரிக்கக் கறுப்பர்களின் கதை நமக்குப் பாடம். 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு அலபாமாவில் விண்ணப்பித்தவர் யார் தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங். ஆம், அந்த அகிம்சைக் கிங்தான். மறுத்துவிட்டார்கள். 1967இல் கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நடந்ததும், அதுவரை சும்மா இருந்த சட்டசபை அவசரமாகத் தடைச் சட்டம் போட்டது. கையெழுத்திட்டவர் கவர்னர் ரீகன். 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பரைப் போலீஸ் காரை நிறுத்திக் கேட்டது. என்னிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது என்று சட்டப்படி முன்கூட்டியே சொன்னார். சுட்டுக் கொன்றார்கள். சுட்ட போலீஸ்காரர் மறுவருஷம் விடுதலை. துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் இருந்தது. அவர் தோலுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தார்கள்?

இன்னொன்று. நம்மை எப்படிக் கொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30 அன்று ஓடுகிற பஸ்ஸை மறித்து, கும்பலாக ஏறி வெட்டினார்கள். பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுத்தவர் அவர். நம் சங்கரன்கோவில் பக்கம் நக்கலமுத்தன்பட்டித் தலைவர் ஜக்கன் 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். தாழையூத்துத் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூன் 13 ராத்திரி வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். அவரும் புகார் மேல் புகார் கொடுத்தவர்தான். இவர்கள் இடுப்பில் ஆறு குண்டு ரிவால்வர் ஒன்று இருந்திருந்தால்? பின்னாலிருந்து விழும் அரிவாளுக்கு முன்னால் உறையிலிருந்து எடுக்க நேரம் ஏது? மறைத்து வைத்த துப்பாக்கிக்கு யாரும் பயப்படுவதும் இல்லை, இருப்பதே தெரியாதே. தெரிந்தால் இன்னும் பத்துப் பேராக வருவான். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று துப்பாக்கியோடு வந்தது பண்ணையார்களின் கூட்டம். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிந்து செத்தார்கள். அன்று நம் பக்கம் ஒருவர் மடியில் கைத்துப்பாக்கி இல்லாததா குறை? அவர்கள் கையில் அவ்வளவு துப்பாக்கி எப்படி இருந்தது என்று ஏன் கேட்பதில்லை?

நம் ஆண்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி குடித்துவிட்டு வந்து கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிற வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பரணில் ஒரு துப்பாக்கி இருந்தால் முதல் குண்டு யார் மேல் பாயும்? டீக்கடையில் நின்று துப்பாக்கி ரகம் பேசுகிற நாம் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? டவாலி மாதிரி பக்கத்தில் ஒரு கன்மேனை நிறுத்திக்கொள்வதைப் பெருமையாக நினைக்கும் நம் தலைவர்கள் சிலரும் இதையெல்லாம் பேசமாட்டார்கள்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா? இல்லை. சட்டம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை உலுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதற்கான விதிகள் 1995 மார்ச் 31இல் வந்தன. மூன்றாம் விதியை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே தலித் அல்லாதார், அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை ஆயுத லைசென்ஸை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, ஐந்தாவதாக, தேவைப்பட்டால் நம் மக்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கலாம். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவன் கையிலிருந்து வாங்கு, பிறகு இவனுக்குக் கொடு. நாம் ஐந்தாவதை மட்டும் செல்போனில் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதைக் கேட்டால்தான் ஊர் நடுங்கும்.

லைசென்ஸ் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியின் அண்ணன் கேட்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று ஒருவன் கொடுத்த மனுவும், ஆபத்து இல்லை என்று அதிகாரி போட்ட கையெழுத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். நாளைக்கு ஒன்று நடந்தால் அந்தக் கையெழுத்துப் போட்டவரைக் கூண்டில் ஏற்ற அது வேண்டும். தற்காப்பு உரிமை பி.என்.எஸ். 34 முதல் 44 வரை இருக்கிறது, துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெட்ட வருகிறவனைக் கம்பால் தடுத்து அடித்தவன் மேல் கொலை முயற்சி வழக்குப் போட்டால் அந்தப் பிரிவுகளைக் காட்டி வாதாட நம் வக்கீல்கள் தயாராக இருக்க வேண்டும். மாவட்ட விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. கூடியதா, மூன்றாம் விதி பற்றி அதில் யாராவது வாய் திறந்தார்களா என்று கேட்க வேண்டும்.

டீக்கடையிலேயே உட்கார்ந்து ஒரு தகவல் உரிமை மனு எழுதினோம். கேள்விகள் இவைதான். 1995 முதல் இன்று வரை நம் மாவட்டத்தில் 3(1)(iii) விதிப்படி எத்தனை துப்பாக்கி லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டது? 3(1)(v) விதிப்படி எத்தனை தலித்துகளுக்கு லைசென்ஸ் வழங்கப்பட்டது? எந்தெந்த ஊர்கள் வன்கொடுமைப் பகுதி என்று அடையாளம் காணப்பட்டுள்ளன? தென்காசி 2019இல்தான் தனி மாவட்டம் ஆனது என்பதால் அதற்கு முந்தினதைத் திருநெல்வேலிக்கும் போட வேண்டும். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். எல்லா மாவட்டத் தோழர்களும் இதே மூன்று கேள்விகளைப் போடுங்கள். வருகிற பதிலை, 'தகவல் இல்லை' என்று வந்தாலும், நகலெடுத்து இதழுக்கு அனுப்புங்கள். வந்தது வந்தபடி அச்சிடுவோம்.