கடவுச்சொல் பெட்டகம்: எதைத் தேர்ந்துகொள்வது?

நம் சங்கங்களில் அடகு நகைகளை வைக்கும் இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி காரியதரிசியிடமும் மற்றொன்று காசாளரிடமும் இருக்கும். ஒருவர் மட்டும் வந்தால் பெட்டி திறவாது. இந்த ஏற்பாட்டை எவரும் அவநம்பிக்கை என்று கருதுவதில்லை. பொதுப்பொருளைக் காக்கும் முறை இதுவே என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆனால் அதே சங்கத்தின் மின்னஞ்சலையும் வரிக் கணக்கையும் விற்பனைத் தளத்தையும் திறக்கும் கடவுச்சொற்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், மேஜைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள துண்டுச் சீட்டையோ, குமாஸ்தாவின் ஞாபகத்தையோதான் காட்ட வேண்டியிருக்கிறது.

நான் அறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததைச் சொல்லுகிறேன். சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கியவர் ஓர் இளம் குமாஸ்தா. கணக்கு அவருடைய கைப்பேசி எண்ணோடு இணைந்திருந்தது. பின்னர் அவர் வேறு ஊருக்கு வேலைக்குச் சென்றார், எண்ணையும் மாற்றிக்கொண்டார். அலுவலகக் கணினி பழுதாகிப் புதியது வந்த அன்று, கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்னர் வந்த கொள்முதல் கடிதங்கள் திறக்கப்படாமலே கிடந்தன. மூன்று வாரங்களுக்குப்பின் வழி கண்டு பார்த்தபோது, போர்வைக்கு வந்த உத்தரவு வேறிடம் போய்விட்டது. பாவு ஏற்றிக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது சிறு நஷ்டமன்று. இதில் யாரும் வஞ்சகம் செய்யவில்லை. சாவியை வைக்கத் தக்க இடம் இல்லாமையே காரணம்.

மறந்துவிடுவோம் என்ற அச்சத்தால் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே சொல்லை வைப்போர் பலர். இது மறதியைக் காட்டிலும் பெரிய அபாயம். 2009ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதே. ஓரிடத்தில் களவு போன சொல்லைத் திருடர்கள் அங்கே மட்டும் உபயோகித்து நிற்பதில்லை. மின்னஞ்சல், கடை, பாங்கு என்று ஒவ்வொரு வாசலிலும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆதலின் ஒவ்வொரு கணக்கிற்கும் தனிச்சொல் வேண்டும். ஐம்பது தனிச்சொற்களை மனத்தில் வைத்தல் மனிதரால் ஆகாது.

பாஸ்வேர்ட் மேனேஜர் என்று வழங்கும் செயலி இக்குறையைத் தீர்க்கவே ஏற்பட்டது. அதனைக் கடவுச்சொல் பெட்டகம் எனலாம். ஒவ்வொரு கணக்கிற்கும் நீண்ட சொல்லை அதுவே உண்டாக்கி, பிறர் படிக்க இயலாத குறியீடாக மாற்றி வைத்துக்கொள்ளும். நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல் ஒன்றே. மற்றொரு நன்மையும் உண்டு. பாங்கின் தளம்போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தைக் கண்டு நம் கண் ஏமாறலாம். பெட்டகமோ தளத்தின் முகவரியை ஒப்பிட்டுப் பார்ப்பதால், முகவரி வேறானால் சொல்லைத் தானாக நிரப்பாது. அது நிரப்ப மறுக்கும் இடத்தில் நாமும் நின்று யோசித்தல் நலம்.

எந்தப் பெட்டகத்தைத் தேர்வது? கூட்டுறவாளர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, நம்மிடமுள்ள எல்லாக் கருவிகளிலும் அது இயங்குமா? தந்தையிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி, மகளிடம் ஐபோன், சங்கத்தில் விண்டோஸ் கணினி என்றிருப்பது இன்று சகஜம். கூகுளின் பெட்டகம் ஆண்ட்ராய்டிலும் குரோம் உலாவியிலும் எளிதாக இயங்குகிறது. வேறு உலாவியை உபயோகிப்போருக்கு அவ்வளவு சௌகரியமில்லை. ஆப்பிள் நிறுவனம் 2024இல் பாஸ்வேர்ட்ஸ் என்ற தனிச்செயலியை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அச்செயலி இல்லை.

இரண்டாவது, பெட்டகத்தைக் காப்பவரே உள்ளிருப்பதைப் படிக்க முடியுமா? படிக்க முடியாததே நல்ல பெட்டகம். அதன் நிரல் யாவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருத்தல் மேலும் நன்று. தணிக்கைக்குக் கணக்கைத் திறந்து வைக்காத சங்கத்தில் நாம் வைப்புத் தொகை போடுவோமா?

மூன்றாவது, விரும்பியபோது நம் சொற்களை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? இதுவே பலர் கேட்க மறக்கும் கேள்வி. லாஸ்ட்பாஸ் நிறுவனம் 2021 மார்ச்சில், கட்டணம் செலுத்தாதோர் கணினி, கைப்பேசி ஆகிய இருவகையுள் ஒன்றில் மட்டுமே உபயோகிக்கலாம் என்று விதித்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஆதண்டிகேட்டர் செயலியில் கடவுச்சொல் சேமிக்கும் வசதியை 2025இல் நிறுத்திவிட்டது. நிறுவனங்கள் தம் விதிகளை மாற்றும். அன்று நம் பொருள் நம் கைக்கு வர வேண்டும்.

இம்மூன்றிற்கும் இணங்குவனவாக இரண்டைக் கூறலாம். 2016இல் தோன்றிய பிட்வார்டன், மேற்சொன்ன கருவிகள் அனைத்திலும் இயங்குகிறது, கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பின்றிக் கட்டணமில்லாமல் உபயோகிக்கலாம், நிரலும் வெளிப்படையானது. 2003இல் தொடங்கிய கீபாஸ், எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காமல் நம் கணினியிலேயே ஒரு கோப்பாகச் சொற்களைக் காக்கிறது. ஆயின் அக்கோப்பைக் கைப்பேசிக்கும் கணினிக்குமிடையே ஒன்றுபோல வைத்திருக்கும் பொறுப்பும், பிரதி எடுத்துக் காக்கும் பொறுப்பும் நம்முடையன. கணினிப் பழக்கம் உடையோர்க்குக் கீபாஸ் ஏற்றது. பல கருவிகளையுடைய சாதாரணக் குடும்பத்திற்குப் பிட்வார்டனே தக்கது என்பேன். இவற்றால் எனக்கு ஆதாயம் எதுவுமில்லை.

எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா என்று அன்பர்கள் கேட்பது நியாயமே. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தினுள் புகுந்தோர், வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளையே எடுத்துச் சென்றனர். தளங்களின் முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன. கடவுச்சொற்கள் குறியீடாக இருந்தன. எளிய தலைமைச் சொல்லை வைத்திருந்தோருக்கே அபாயம் மிகுதி. நீண்ட சொல்லை வைத்திருந்தோரின் பெட்டகத்தை ஊகித்துத் திறப்பது மிகக் கடினம். எனவே ஒரே பெட்டி என்பதற்கு அஞ்சி விலக வேண்டியதில்லை. பூட்டு வலியதாக இருக்க வேண்டும். அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, தொடர்பற்ற ஐந்தாறு சொற்களை எடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, திரைப்பாட்டின் அடி ஆகியன வேண்டா. அதனோடு இரண்டாம் அடையாளச் சோதனையையும் ஏற்படுத்திக்கொண்டால் இரட்டைப் பூட்டாகும். யூபிஐ ரகசிய எண் பெட்டகத்திலும் வேண்டா. அது மனத்திலேயே இருக்கட்டும்.

கைப்பேசியில் இரண்டொரு கணக்குகளே உடைய முதியவர், அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பதில் இழிவொன்றுமில்லை. எங்கோ இருக்கும் திருடனுக்கு அந்தப் பீரோ எட்டாது. எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சங்கங்களின் கடமை இன்னும் பெரிது. சங்கத்தின் கணக்குகள் சங்கத்தின் சொந்தக் கைப்பேசி எண்ணிலேயே பதிவாக வேண்டும். பொதுவான கடவுச்சொற்களைக் காரியதரிசியும் தலைவரும் ஒரு பொதுத் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம். இருவர்க்கான அத்தகைய தொகுப்பைப் பிட்வார்டன் கட்டணமின்றியே அளிக்கிறது. பாங்கு ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் தனித்தனியே தரும் கடவுச்சொல்லை மட்டும் அதில் இடலாகாது. மூன்று மாதத்திற்கொருமுறை சொல்லை மாற்றும் பழைய வழக்கம் தேவையில்லை என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017லேயே அறிவுறுத்தியது. ஆனால் பொறுப்பாளர் மாறும்போது, அவர் எவ்வளவு நல்லவராயினும், சொற்களை அன்றே மாற்ற வேண்டும்.

தலைமைச் சொல்லை மறந்தாலோ, உரியவர் நோயுற்றாலோ என்ன செய்வது? அதனை நிறுவனமும் திருப்பித் தர இயலாது. ஆகவே அச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, அந்த இரட்டைப் பூட்டுப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். உறை வைக்கப்பட்ட தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். முத்திரை உடைந்தால் உடனே தெரியும்.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒரு கேள்வி எழுப்புவாராக: காரியதரிசி நாளை வராவிடில், சங்கத்தின் அஞ்சலைத் திறக்கத்தக்கவர் யார்? இதற்குத் தெளிவான விடை கிடைக்கும் சங்கத்தில், தறியில் ஏறிய பாவு கடவுச்சொல்லுக்காகக் காத்திராது.